வானவழித் தூரமும் பிரயாணியின் உரிமையும்

சென்னைக்கும் டில்லிக்கும் இடையே உள்ள தூரம் வான்வழியாக அளந்தால் ஏறக்குறைய 1,760 கிலோமீட்டர் என்றும், தண்டவாளத்தின் வழியே அளந்தால் 2,180 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் என்றும் வரும். ரெயிலில் இரண்டு இரவும் ஒரு பகலும் பிடிக்கும் அந்தப் பிரயாணத்தை ஆகாயவிமானம் மூன்று மணிக்கும் குறைந்த நேரத்தில் முடித்துவிடுகிறது. டிக்கெட்டில் கண்ட அந்த நேரக்கணக்கை, அழைத்துப்போக வருகிற உறவினருக்குத் தகவல் சொல்வதோடு நாம் மறந்துவிடுகிறோம். விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ நமக்குச் சேரவேண்டியது என்ன என்பதையும் அதே கணக்குத்தான் நிர்ணயிக்கிறது என்பதை அநேகர் அறியார்.

அது வெறும் பறக்கும் நேரமன்று. மீனம்பாக்கத்தில் விமானம் தன் நிறுத்தத்தைவிட்டு நகரும் நிமிஷம் முதல் டில்லியில் போய் நிற்கும் நிமிஷம் வரை, ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் பொழுதையும் சேர்த்தே அதைக் கணிக்கிறார்கள். ஆகையால் உரிமை கோருகிறவர் பார்க்கவேண்டியது தேசப்படத்தையல்ல, டிக்கெட்டைத்தான்.

விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி, பிரயாண நேரம் இரண்டரை மணிக்கு உட்பட்டதானால் இரண்டு மணித் தாமதத்திலேயே உணவும் சிற்றுண்டியும் தரவேண்டும். அதற்கு மேல் ஐந்து மணி வரை உள்ள பிரயாணத்துக்கு மூன்று மணித் தாமதம் ஆகவேண்டும். ஆகவே மதுரைக்குப் போகிறவர் டில்லிக்குப் போகிறவரைவிட ஒரு மணி முன்னதாகவே உணவு கேட்கலாம். நஷ்டஈட்டிலோ டில்லிப் பிரயாணிக்கே கூடுதல்: 24 மணி நேரத்துக்கு முன்னால் அறிவிக்காமல் விமானத்தை ரத்து செய்தால், ஒரு மணிக்கு உட்பட்ட பிரயாணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றுள் எது குறைவோ அது.

இங்கே ஓர் அபாயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். டிக்கெட் எடுக்கும்போது தம்மைத் தொடர்புகொள்ளச் சரியான விவரம் தராதவருக்கு இந்த நஷ்டஈடு இல்லை. நம் ஊர்களிலே ஏஜெண்டு தம்முடைய தொலைபேசி எண்ணையே பதிந்துவிடுவது சர்வசாதாரணம். ரத்துச் செய்தி அவர் கைக்குப் போய்ச் சேர, பிரயாணி பெட்டியோடு விமானநிலையத்தில் நிற்கிறார். உங்கள் எண்ணைப் பதியச் சொல்லி, பதிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

மார்கழி, தை மாதங்களில் டில்லியைச் சூழும் மூடுபனி போன்ற இயற்கைக் காரணங்களுக்கு நஷ்டஈடு கிடையாது. ஆயினும் விமானம் ரத்தானால் கட்டணத்தைத் திரும்பப் பெறவோ, மாற்று விமானத்தில் செல்லவோ நமக்குள்ள பாத்தியதை அப்போதும் அழிவதில்லை. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட்டும், அங்கிருந்து டில்லிக்கு வேறொரு கம்பெனியில் தனி டிக்கெட்டும் எடுத்தவர், முதல் விமானத்தின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால் பெரும்பாலும் அந்த நஷ்டம் அவர் தலையிலேயே விழும். இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுப்பதே விவேகம்.

தாமதத்தின் காரணத்தை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். குறுஞ்செய்தியையும் சாப்பாட்டு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். கம்பெனியிடம் முறையிட்டுப் பயனில்லையேல் மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலும், அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்யலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, டில்லிக்கு அலையாமல், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, வக்கீல் இல்லாமலும், இரண்டு ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்கலாம். டிக்கெட்டுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதாயின் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.