பாத்டப்புக்கு அடியில் இருக்கும் தளம்

மாடி பாத்ரூமில் பாத்டப் வைக்கலாம் என்று வீட்டில் முடிவானதும் எல்லோரும் முதலில் எடுப்பது அளவு டேப்பைத்தான். 5க்கு 7 அறை, 5 அடி டப், கச்சிதம் என்று கடையில் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். முதல் சறுக்கல் அங்கேயே. செங்கல் சுவருக்குச் சுவர் 5 அடி என்றால் 1524 மில்லிமீட்டர். இருபுறமும் பூச்சும் டைல்ஸும் ஏறினால் சுமார் 50 மில்லிமீட்டர் போய்விடும். 1500 மில்லிமீட்டர் டப் அதற்குள் இறங்காது. இதாவது கண்ணுக்குத் தெரிகிற குறை, கடையில் பேசி மாற்றிக்கொள்ளலாம். பெரிய நஷ்டங்கள் டைல்ஸுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. மூடிய பிறகு அவற்றைச் சரிசெய்வதும் கடினம், யார் தவறு என்று நிரூபிப்பதும் கடினம். அதனால் சோதனை, எழுத்து இரண்டும் டைல்ஸ் ஒட்டும் முன்பே முடிந்தாக வேண்டும்.

எடையை எடுத்துக்கொள்வோம். அக்ரிலிக் டப்பை இரண்டு பேர் தூக்கிவிடுவதால் பாரமே இல்லை என்று தோன்றும். பாரம் தண்ணீரில் இருக்கிறது. 150 லிட்டர் தண்ணீர், 70 கிலோ ஆள், 30 கிலோ டப் என்றால் சுமார் 12 சதுர அடியில் 250 கிலோ. வீட்டுக் குளியலறைத் தளத்துக்கு ஐ.எஸ். 875 தரநிலை கணக்கிடச் சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. அந்த 12 சதுர அடிக்கு 225 கிலோகூட வராது. பக்கத்து வீட்டில் வைத்து ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கட்டிய தளத்தில் அதற்கான உபரிப் பலம் உண்டு, உண்மைதான். வரைபடமே இல்லாமல் எழுந்த பழைய மாடிக்கு, அதுவும் கசிவால் கம்பி துருவேறிய தளத்துக்கு, அந்தச் சமாதானம் பொருந்தாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கையெழுத்திட்ட கருத்து வாங்குங்கள். வாட்டர் ப்ரூஃபிங் முடிந்ததும் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விட்டு, கீழ்வீட்டு சீலிங்கைப் பாருங்கள். டப்பின் பக்கச் சுவரில் ட்ராப்பைத் தொட ஒரு திறப்பு விடச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு வாஷர் போனாலும் டைல்ஸை உடைக்க வேண்டிவரும்.

வீடு திருப்பூரில் என்றால் தண்ணீருக்கும் ஒரு கணக்கு உண்டு. சாயக்கழிவு நொய்யலையும் நிலத்தடி நீரையும் கெடுத்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட ஊர் இது. உப்பு மிகுந்த போர் தண்ணீரை நிரப்பினால் டப்பின் ஓரத்தில் வெள்ளைப் படலம் கட்டும், தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட் வைத்த டப் என்றால் அதன் துளைகள் அடைபடும். நல்ல தண்ணீரை நிரப்பலாம் என்றால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற தேசியக் கணக்கை ஒரே குளியல் விழுங்கிவிடும். 25 லிட்டர் கீசர் பாதி டப்புக்குத்தான் வெதுவெதுப்புத் தரும். ஜெட் மோட்டார் வைப்பதானால் எர்த்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம் வேண்டும். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் குளித்ததும் டப்பைக் காலிசெய்துவிடுங்கள். சில அங்குலத் தண்ணீரே குழந்தையின் உயிரைக் குடிக்கும்.

உரிமைகளுக்கு வருவோம். வாடகைக்கு இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால் குழாய் வாஷர், கீசரோடு பாத்டப் பழுதும் வாடகைதாரர் தலையில் விழும். கட்டமைப்புப் பழுது உரிமையாளருடையது. டப் உள்ள வீட்டுக்குக் குடிபோகும்போது அதன் நிலையைப் படமெடுத்து ஒப்பந்தத்தோடு இணைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வைப்பதானால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் தளத்தில் கை வைக்காதீர்கள். ரெராவில் பதிவான அடுக்ககம் என்றால், சாவி வாங்கிய 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையை, சொன்ன 30 நாளில் பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஆனால் நீங்களே தளத்தை உடைத்து டப் இறக்கியிருந்தால் கசிவுக்கு அவர் உங்களைக் கைகாட்டலாம்.

வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கேட்டால் மேஸ்திரி முகம் சுளிப்பார், வேலையே நின்றுபோகும் என்ற தயக்கம் நியாயமானது. முத்திரைத்தாள் தேவையில்லை. டப் மாடல், வேலை விவரம், தொகை, கசிவுக்கு எத்தனை வருடப் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும், பணத்தை ஜி.பே.யில் கொடுத்தால் அதுவும் சாட்சி. தகராறு வந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால், கோவையில் வாங்கிய டப்புக்கும் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். புகார்தாரர் குடியிருக்கும் ஊரே போதும் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கசிவு தெரிந்ததும் தேதியோடு படமெடுத்துவிடுங்கள். சீலிங்குக்குப் பெயிண்ட் அடிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.