பரிசிலும் விளம்பரமும்

இணையத்திலே தோடி இராக ஆலாபனை ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாதசுரம் மேல்ஸ்தாயியில் ஏறி, இனி இறங்கவேண்டும் என்னும் வேளையிற் சவர்க்காரம் விற்கும் பெண்ணொருத்தி குறுக்கே வந்து சிரித்தாள். அவள் போனபின் நாதசுரம் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்ததாயினும் என் மனம் அவ்விடத்துக்கு மீளவில்லை. இதனைக் கண்ட மாணவரொருவர், "ஐயா, இதற்கு மருந்துண்டு" என்று கூறி, எனது கணினியில் விளம்பரத் தடுப்பான் ஒன்றைச் சேர்த்துவிட்டார். அன்றுதொட்டுத் தோடி தடையின்றி நடக்கின்றது. ஆயின், வேறொரு வினா அன்றுதொட்டு என்னை விடாது தொடர்கின்றது. அவ்விசையைத் தந்தவருக்கு யான் கொடுப்பது யாது?

பண்டு புலவர் பாடினர். புரவலர் பரிசில் நல்கினர். கொடுப்பவர் முகம் பாடுபவருக்குத் தெரிந்திருந்தது. அச்சியந்திரம் வந்தபின் நூல் வாங்குவோர் புரவலராயினர். காணொளித் தளங்களிலோ கேட்பவன் ஒரு சதமும் கொடுப்பதில்லை. அவன் பொருட்டுச் சவர்க்காரம் விற்பவன் கொடுக்கின்றான். இத்தளங்களுட் பெரியதாகிய யூரியூப் 2005இல் தோன்றியது. 2006இற் கூகிள் நிறுவனம் அதனை 165 கோடி டொலருக்கு வாங்கிற்று. 2007 முதல் விளம்பர வருவாயிற் படைப்போருக்குப் பங்கு கொடுக்கும் முறை நடைபெறுகின்றது. நீண்ட காணொளிகளில் வரும் விளம்பரப் பணத்தில் நூற்றுக்கு 55 பங்கு படைத்தவருக்கு. எஞ்சிய 45 நிறுவனத்துக்கு. ஆகவே, கேட்பவன் தடுப்பானை இட்ட கணமே அவன் பொருட்டு வரவேண்டிய சிறு துளி வராதொழிகின்றது. அத்துளியிற் பெரும்பாதி கலைஞனுடையது.

இதனையே எடுத்துக்காட்டி, 2023இல் அந்நிறுவனம் தடுப்பான் வைத்திருப்போரை உலகெங்கும் எச்சரிக்கத் தொடங்கிற்று. தடுப்பானை நீக்குக, அன்றேற் சந்தாச் செலுத்துக, இரண்டுமில்லையேற் காணொளி ஓடாது என்றது. கூகிளின் குரோம் உலாவியும், நீட்சிகளுக்கான விதிகள் மாறியமையால், யூபிளொக் ஒறிஜின் என்னும் பேர்பெற்ற தடுப்பானை 2024 தொடங்கிப் படிப்படியாக விலக்கிற்று.

படைப்போர் பிழைப்பைப் பற்றிய அவ்வாதம் மெய்யே, ஆயினும் முழுமெய்யன்று. நீள்காணொளி இடுவோருள் ஆயிரம் சந்தாதாரரும், பன்னிரு மாதத்தில் 4,000 மணித்தியாலப் பார்வையும் இல்லாதவர் விளம்பரப் பங்கு பெறார் என 2018இல் விதித்தவரும் அந்நிறுவனத்தாரே. 2020 நவம்பரிலோ, அவ்வாறு பங்கு பெறாதவர் காணொளிகளிலும் விளம்பரம் இடும் உரிமையைத் தமக்கென வகுத்துக்கொண்டனர். முந்நூறு பேருக்குப் புணர்ச்சி விதி கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் பாடத்தினிடையே சவர்க்காரம் வரலாம். அதன் பணத்தில் ஒரு சதமும் அவருக்கு வாராது. அங்கே தடுப்பான் இடுபவன் அவ்வாசிரியரிடமிருந்து எதனைப் பறித்தான்?

தடுப்பது களவென்பாரும் உளர். ஜேர்மனியில் அக்செல் ஸ்பிரிங்கர் என்னும் பத்திரிகை நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அட்பிளொக் பிளஸ் என்னும் தடுப்பானை நடத்தும் நிறுவனமே எதிராளி. அதன் பெயரைத் தமிழில் எழுதினால் 'ஐயோ' என்றே வரும், யான் புனைந்ததன்று. தடுப்பான் வழங்குதல் முறையற்ற வணிகப் போட்டியாகாது என்று அந்நாட்டு மத்திய உயர் நீதிமன்றம் 2018இற் தீர்ப்பளித்தது. பதிப்புரிமை பற்றிய வேறொரு வழக்கு 2025இற் கீழ்நீதிமன்றத்துக்கு மீள அனுப்பப்பட்டது. அந்த 'ஐயோ'வும் தூயவரல்லர். 2011 முதல் 'ஏற்கத்தக்க விளம்பரம்' என ஒருவகை வகுத்து, பெரிய நிறுவனங்களிடம் பணம் பெற்று அவற்றின் விளம்பரங்களுக்கு வழிவிடுகின்றனர். வாயில் காப்போன் சுங்கம் தண்டத் தொடங்கிய கதையிது. மறுபுறம், மோசடி விளம்பரங்களுக்கு அஞ்சி, தேடல் செய்யும்போது தடுப்பானைப் பயன்படுத்துமாறு 2022 டிசம்பரில் அறிவுரை கூறியது அமெரிக்காவின் எப்.பி.ஐ. புலனாய்வுத் துறை. களவுக்குப் புலனாய்வுத் துறையே கருவி பரிந்துரைக்குமா?

களவன்று என்பதே என் துணிபு. சவர்க்காரக்காரனுக்கும் எனக்கும் உடன்படிக்கை ஏதுமில்லை. ஆனால் நாதசுரக்காரருக்கும் எனக்கும் இடையே ஒன்றுண்டு, அது கடன். அக்கடனைத் தடுப்பான் தீர்ப்பதுமில்லை, அழிப்பதுமில்லை. முன்பு வேறொருவன் என் பெயரிற் செலுத்தியதை என் தலையிலே மீள வைக்கின்றது. சந்தாச் செலுத்தின், பார்க்கும் நேரத்துக்கேற்ப அதிலொரு பங்கு படைப்போருக்குச் செல்கின்றது. தாமே காணொளி இட்டு, விளம்பரப் பணத்தின் சிறுமை கண்ட ஜாக் கொன்ரே என்னும் இசைஞர், 2013இல் நண்பரொருவருடன் பற்றியன் என்னும் தளத்தைத் தொடங்கினார். அங்கே இரசிகர் மாதந்தோறும் நேரே கொடுக்கின்றனர். பரிசில் மீண்டது எனலாம். எனினும் கையிற் காசில்லாத பிள்ளையும் தோடி கேட்கலாம் என்பது அச்சவர்க்காரப் பெண் செய்த உபகாரம். அதனை மறுக்க எனக்கு நாவெழவில்லை.

என் மாணவர் சேர்த்தது யூபிளொக் ஒறிஜினே. அதனை ஆக்கிய றேமண்ட் ஹில் என்பவருக்காவது ஏதேனும் அனுப்பலாமென்று கேட்டேன். மாணவர் நகைத்தார். ஹில் நன்கொடை எதனையும் ஏற்பதில்லையாம். கொடுக்க விரும்புவோர், எவ்விளம்பரத்தைத் தடுப்பதென்னும் பட்டியல்களை நாடோறும் பேணி யாவருக்கும் இலவசமாக வழங்குவோரை நினைக்கட்டும் என்று எழுதிவைத்திருக்கின்றார். அவர்கள் யாரென்று தேடிக்கொண்டிருக்கின்றேன்.