பின்சில்லும் பிறேக்கும்

மழையில் நனைந்த வீதி. வளைவில் மாடொன்று குறுக்கிடுகின்றது. சாரதி பிறேக்கை முழுப் பலத்துடன் மிதிக்கின்றார். வண்டி நேரே நில்லாது, பின்புறம் வழுகிச் சுழல்கின்றது. ரயர் தேய்ந்துவிட்டது என்பர் சிலர். வேகம் கூடிவிட்டது என்பர் வேறு சிலர். இரண்டும் உண்மையாயிருக்கலாம். ஆயினும், வண்டியின் அடியில் எவர் கண்ணிலும் படாது கிடக்கும் ஒரு சிறு வால்வும் இதற்குக் காரணமாதல் கூடும். பின் பிறேக்குகளுக்குச் செல்லும் அமுக்கத்தை அளவுபடுத்துவது அதன் தொழில்.

ஓடும் வண்டி திடீரென நிற்கையில் உள்ளிருப்போர் முன்னே சாய்வதை யாவரும் அறிவர். வண்டியின் பாரமும் அவ்வாறே முன்சில்லுகளுக்கு மாறுகின்றது. 1000 கிலோகிராம் வண்டியொன்றில் முன்னே 600, பின்னே 400 தங்கியிருப்பதாகக் கொண்டால், கடுமையாகப் பிறேக்குப் பிடிக்கும் கணத்தில் அவை 760, 240 என மாறக்கூடும். பாரம் குறைந்த பின்சில்லுக்கு முன்சில்லுக்குரிய அமுக்கமே கிடைத்தால் அது உருளாது இறுகிவிடும். இறுகிய ரயருக்குப் பக்கப் பிடிப்பு இல்லை. முன்சில்லுகள் இறுகினால் வண்டி திருப்பத்துக்குப் பணியாது நேரே வழுகும், அதுவும் ஆபத்தே. பின்சில்லுகள் முந்தி இறுகினாலோ வண்டி தன்னைத்தானே சுற்றத் தொடங்கும். தேர்ந்த சாரதிக்கும் அதனை மீட்பது அரிது.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1959 ஆம் ஆண்டில் வெளிவந்த மினி வண்டியில் இயந்திரமும் முன்னே, இழுக்கும் சில்லுகளும் முன்னே. பின்புறமோ மிக இலேசானது. ஆகவே பின் பிறேக்குக் குழாயில் அமுக்கத்தை மட்டுப்படுத்தும் வால்வொன்றைப் பொருத்தினார்கள்.

இத்தகைய வால்வினுள் ஒரு பிஸ்டனும் அதனைத் தாங்கும் சுருள்வில்லும் உண்டு. மெதுவாக மிதிக்கையில் வழி திறந்தே இருக்கும். எண்ணெய் தடையின்றிப் பின்னே செல்லும். அமுக்கம் குறித்த எல்லையை எட்டியதும் பிஸ்டன் வில்லை வென்று நகர்ந்து வழியை ஒடுக்கும். சில வகைகளில் பின் அமுக்கம் அவ்வளவில் நின்றுவிடும். வேறு சிலவற்றில், முன்னே ஏறும் அமுக்கத்தின் ஒரு பங்கு மாத்திரம் பின்னே ஏறும். பாரம் ஏற்றும் வான்கள் சிலவற்றில் பின் அச்சோடு தொடுத்த நெம்புகோல் ஒன்று, பாரத்துக்கேற்ப அந்த எல்லையை உயர்த்தும். புதிய வண்டிகளில் இவ்வேலையை மின்னணுக் கருவி ஏற்றுக்கொண்டது. பழைய வண்டிகளில் இவ்வால்வே பொறுப்பு.

கடுமையாக மிதிக்கும் வேளையிலேயே இதற்கு வேலை வருவதால், பழுதும் அன்றாட ஓட்டத்தில் தெரிவதில்லை. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆண்டுக்கணக்காய் மாற்றாத எண்ணெயினால் உள்ளே துருவேறிப் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். திறந்தபடி ஒட்டினால் பின்சில்லுகள் முந்தி இறுகும். மூடியபடி ஒட்டினால் பின் பிறேக்குகள் சோம்பி, முன் லைனிங் விரைவில் தேயும்.

எனினும் வால்வின்மேல் பழி போடுமுன் மற்றவற்றைப் பார்த்தல் வேண்டும். பின் லைனிங்கில் எண்ணெய் கசிந்திருத்தல், வீல் சிலிண்டர் இறுகியிருத்தல், றப்பர்க் குழாய் உட்புறம் வீங்கியிருத்தல் ஆகியனவும் இதே குறிகளைக் காட்டும். அவை சரியாயின், வால்வுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு அமுக்கமானிகளைப் பூட்டி மெதுவாக மிதித்தல் வேண்டும். எல்லைவரை இரண்டும் சேர்ந்தே ஏறி, பின் இரண்டாவது பிந்தினால் வால்வு நலமாயுள்ளது. இறுதிவரை இணைந்தே ஏறினால் அது வேலை செய்யவில்லை.

கூடிய பாரம் ஏற்றுவதற்காகப் பின்வில்லை உயர்த்துவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நெம்புகோல் உள்ள வண்டியில், உயர்ந்த பின்புறத்தை வால்வு வெறும் வண்டியாகக் கருதி, நிறைபாரத்திலும் பின் பிறேக்கைக் குறைத்துவிடும். பின் பிறேக்குப் போதாதென்று வால்வைக் கழற்றிவிட்டுக் குழாயை நேரே இணைப்பது அதனினும் பெரிய தவறு.

பழுதான வால்வைத் திறந்து துப்புரவு செய்வதிலும், அவ்வண்டிக்குரிய புதியதை முழுமையாக மாற்றுவதே நன்று. மாற்றியபின் குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றி, ஆளில்லாத இடத்தில், குறைந்த வேகத்தில், மிதித்துப் பார்த்தல் வேண்டும். முன்சில்லுகளே முந்தி இறுகுகின்றனவா என்பதை வெளியே எட்ட நிற்கும் ஒருவர் கவனித்துச் சொல்லலாம்.