கடற்கரை மணலில் உதைத்த பந்து: கொல்கத்தா வரை போன குமரி மீனவப் பையன்!

நாகர்கோவில்,

குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடி. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று வரிசையாக மீனவ ஊர்கள். நீரோடியைத் தாண்டினால் கேரளா. இந்த ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் சூரர்கள். கரைக்கு வந்தால்? கால்பந்துதான்!

காலில் பூட்ஸ் இல்லாமலே மணலில் உதைத்துப் பழகும் பொடியன்கள் இங்கே ஏராளம். மணலில் ஓடிப் பழகிய கால், புல்தரையில் பறக்கும்!

அண்ணன் – தம்பி

அப்படிப் பறந்தவர்தான் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி கிளப்பில் ஆடினார். அண்ணன் மைக்கேல் ரெஜினும் அதே கிளப்பில் ஆடியவர். 2018-ல் தம்பியை ஜாம்ஷெட்பூர் அழைத்துக்கொண்டது. 2019-ல் கொல்கத்தா ஏ.டி.கே. அதே ஆண்டு தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பைக்கு இந்திய அணியில் இடம்! 2020 மார்ச்சில் ஏ.டி.கே., சென்னையின் எப்.சி.யை 3–1 என்று சாய்த்துக் கோப்பையைத் தூக்கியது.

ஆனால் விளையாட்டு வாழ்க்கை கடல் மாதிரி. 2020 நவம்பரில், அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி. அந்த சீசனே போச்சு!

"பந்து சோறு போடுமா?"

இதுதான் வீட்டில் கேட்கும் கேள்வி. கடலுக்குப் போனால் பங்குப் பணம் கைக்கு வரும். பந்து பின்னால் ஓடினால்? 2017 ஒக்கிப் புயல் இந்த ஊர்களில் எத்தனையோ வீடுகளில் சம்பாதிக்கிற ஆளையே கொண்டுபோய்விட்டது. அந்த வீட்டுப் பையனுக்குப் பந்தா, படகா?

இங்கிலாந்திலும் இதே கதை நடந்தது. ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி தரவேண்டும் என்று வடபகுதி கிளப்புகள் கேட்டன. மேலிடம் மறுத்தது. 1895-ல் தனியே பிரிந்து வந்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் ரக்பி லீக்! உழைப்பாளி ஆடவேண்டுமானால் அவன் வயிற்றையும் பார்க்கவேண்டும் என்பது அன்றே தெரிந்த சங்கதி.

காகிதம் முக்கியம்!

பொடியனை உருவாக்குவது ஊர் கிளப். பேர் தட்டிக்கொண்டு போவது பெரிய கிளப். இதற்கும் ஒரு வழி உண்டு. ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு கிளப் மாறும்போது பெரிய தொகை கைமாறினால், அதில் 5 சதவீதம் அவருக்கு 12 வயது முதல் 23 வயது வரை பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்குச் சேரவேண்டும். இது உலகக் கால்பந்து சம்மேளன விதி. ஆனால் பதிவு இல்லாத கிளப்புக்குக் காலணா கிடைக்காது!

இளையோர் தேசிய லீக் ஆட்டங்களும் அப்படித்தான். அங்கீகாரம் பெற்ற பயிற்சிக் கூடத்துக்குத்தான் இடம். காகிதம் இல்லாத ஊர் வெளியே நின்று வேடிக்கை பார்க்கவேண்டியதுதான்.

மைதானத்தை விழுங்கும் கடல்

இதைவிடப் பெரிய வில்லன் கடலரிப்பு. ஆண்டுதோறும் ஆனி, ஆடியில் அலை ஏறிவந்து மணலை வாரிக்கொண்டு போகிறது. வீடு போகிறது, ரோடு போகிறது. பையன்கள் பந்து உதைத்த இடமும் போகிறது. கல் போட்டால் கரை தப்பும்; ஆனால் கல் மேல் கால்பந்து ஆடமுடியுமா?

கடலைவிட்டுச் சற்று உள்ளே தள்ளி ஒரு மைதானம், கிளப்புக்கு ஒரு பதிவு, பொடியன்களுக்கு ஒரு பயிற்சியாளர். இந்த மூன்றும் கிடைத்தால் இன்னொரு சூசைராஜ் வர எத்தனை நாளாகும்? பந்து தயார். பையன்களும் தயார்!