பஞ்சுப் புழு: நண்பனா, எதிரியா?

கொய்யா மரத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல் இருக்கிறது. கை வைத்தால் பிசுபிசு என்கிறது. இலையின் மேல் கரி பூசியது போலக் கறுப்பு படிந்திருக்கிறது. எறும்புகள் வரிசையாக ஏறி இறங்குகின்றன.

இது மாவுப்பூச்சி. விவசாயிகளுக்குத் தெரிந்த பழைய எதிரி. செடியின் சாற்றை உறிஞ்சிக் குடிக்கும். இலை சுருளும். பிஞ்சு உதிரும்.

அந்த வெள்ளைக் கூட்டத்தை உற்றுப் பாருங்கள். சில சமயம் அதில் ஒரு பஞ்சு மட்டும் நடக்கும்! மற்றவை அசையாமல் கிடக்கும். இது மட்டும் விறுவிறு என்று போகும். உருவமும் பெரிது. உடம்பெல்லாம் வெள்ளை நூல் தொங்கும்.

“அட, இது பெரிய மாவுப்பூச்சி! உடனே மருந்து அடியுங்கள்” என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்லக்கூடும். அவசரப்பட வேண்டாம். முதலில் அது யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

படம் எடுத்துப் பாருங்கள்

சிறிய பூச்சியை வெறும் கண்ணால் பார்த்தால் முழுதும் தெரியாது. ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. இப்போது பலர் கையில் கேமரா உள்ள செல்போன் இருக்கிறது. அதிலேயே மிக அருகில் வைத்துப் படம் எடுக்கலாம். செல்போனில் மாட்டும் சிறிய கண்ணாடி வில்லைகளும் கடையில் கிடைக்கின்றன.

படம் எடுக்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

1. காலை வேளையில் எடுங்கள். அப்போது பூச்சிகள் அதிகம் ஓடாது. காற்றும் குறைவாக இருக்கும்.

2. கிளையை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். மற்றவர் படம் எடுக்கட்டும்.

3. மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம், தலைப் பக்கம் ஒரு படம் எடுங்கள்.

4. பூச்சியின் அருகே ஓர் அளவுகோலை வையுங்கள். அதன் நீளம் படத்திலேயே தெரியும்.

5. ஒரு தாளில் தேதி, ஊர், செடியின் பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். நீங்கள் கற்ற எழுத்து இங்கே பெரிதும் உதவும். எந்தச் செடியில் கிடைத்தது என்று தெரியாமல் பூச்சியை அடையாளம் சொல்வது கடினம்.

தெரியாத பூச்சியை வெறும் கையால் தொடாதீர்கள். கம்பளிப் பூச்சி பட்டால் அரிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். குச்சியால் மெல்ல நகர்த்துங்கள்.

படம் என்ன சொல்கிறது?

மாவுப்பூச்சிக் கூட்டத்தில் வெள்ளை வேடம் போட்டு நடமாடும் பூச்சிகள் பல உண்டு. மூன்றை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, ஒரு பொறிவண்டின் புழு. வேளாண் அதிகாரிகள் இந்த வண்டை கிரிப்டோலேமஸ் என்பார்கள். புழுவின் மேல் மெழுகு நூல்கள் நீளமாகத் தொங்கும். மாவுப்பூச்சியின் மேல் இருப்பது மாவுப் பொடி. அதன் ஓரத்தில் நூல்கள் குட்டையாக இருக்கும். மாவுப்பூச்சி 3 அல்லது 4 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். வளர்ந்த பொறிவண்டுப் புழு ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் இருக்கும். குச்சியால் தொட்டால் புழு வேகமாக நகரும். மாவுப்பூச்சி மெதுவாகத்தான் அசையும். மாவுப்பூச்சிக்குச் சாறு உறிஞ்சும் ஊசி போன்ற வாய். இந்தப் புழுவுக்குக் கடித்துத் தின்னும் வாய். அது தின்பது செடியை அல்ல. மாவுப்பூச்சியை!

இரண்டாவது, கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு. இதில் சில வகைகள் குப்பை, தூசி, தின்ற பூச்சியின் தோல் எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு நடக்கும். தலைப் பக்கம் எடுத்த படத்தைப் பாருங்கள். அரிவாள் போல இரண்டு கொடுக்குகள் முன்னால் நீட்டியிருக்கும். அதுதான் அடையாளம். அசுவினி, மாவுப்பூச்சி போன்றவற்றைக் கொடுக்கால் பிடித்துச் சாற்றை உறிஞ்சிவிடும்.

மூன்றாவது, ஒரு சிறிய பட்டாம்பூச்சியின் புழு. பட்டாம்பூச்சிப் புழு என்றால் இலை தின்னும் என்றுதான் நாம் நினைப்போம். இது மாவுப்பூச்சியைத் தின்னும். மாவுப்பூச்சியின் வெள்ளை மாவையே மேலே போர்த்திக்கொள்ளும். இதன் கூட்டுப்புழுவைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். குட்டிக் குரங்கின் முகம் போலவே இருக்கும்!

மூன்றும் விவசாயியின் நண்பர்கள்.

ஏன் இந்த வேடம்?

மாவுப்பூச்சி இனிப்பான நீரைக் கழிக்கும். அதைக் குடிக்கத்தான் எறும்புகள் வருகின்றன. இலையில் படியும் கறுப்பும் அந்த இனிப்பு நீரில் வளரும் பூஞ்சணம்தான். இனிப்பு கிடைப்பதால் எறும்புகள் மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கின்றன. அதைத் தின்ன வரும் பூச்சிகளைக் கடித்து விரட்டுகின்றன.

பொறிவண்டுப் புழுவின் மெழுகுப் போர்வை எறும்பின் தாக்குதலைக் குறைக்கிறது. வெள்ளை ஆடுகளின் நடுவே வெள்ளைப் போர்வை போர்த்திய ஓநாய் போல அது உள்ளே போய்விடுகிறது. தாய் வண்டும் மாவுப்பூச்சியின் முட்டைப் பஞ்சிலேயே தன் முட்டையை இடுகிறது. பொரித்து வரும் புழுவுக்கு முன்னாலேயே சாப்பாடு தயார்.

கடல் கடந்து வந்த வண்டு

இந்தப் பொறிவண்டின் தாயகம் ஆஸ்திரேலியா. காப்பிச் செடியைத் தாக்கிய பச்சைச் செதில் பூச்சியை ஒழிக்க 1898ஆம் ஆண்டு இதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். பிற்காலத்தில் கர்நாடகத்தில் திராட்சை, கொய்யா, காப்பித் தோட்டங்களில் மாவுப்பூச்சியை அடக்க இதை வளர்த்து விட்டார்கள். இன்று பூச்சி ஆய்வகங்களில் பூசணிக்காய் மேல் மாவுப்பூச்சியை வளர்த்து, அதை உணவாகக் கொடுத்து இந்த வண்டைப் பெருக்குகிறார்கள்.

பெயர் தெரிந்தால் வழி தெரியும்

2008ஆம் ஆண்டு கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மரங்களில் புதிய மாவுப்பூச்சி ஒன்று காணப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் பாதிக்கப்பட்டன. மருந்து அடித்தும் கட்டுக்குள் வரவில்லை.

அறிஞர்கள் அந்தப் பூச்சியை அடையாளம் கண்டார்கள். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பப்பாளி மாவுப்பூச்சி. பெயர் தெரிந்ததும் அதன் இயற்கை எதிரியும் தெரிந்தது. அது ஊசி முனை அளவுள்ள ஒரு குளவி. அதை 2010ஆம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து கொண்டு வந்து, பெங்களூரில் உள்ள தேசியப் பூச்சி ஆய்வு நிறுவனத்தில் வளர்த்தார்கள். பிறகு தோட்டங்களில் விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டுப் பெருகியது. மாவுப்பூச்சி அடங்கியது.

அடையாளம் தெரியாமல் இருந்திருந்தால்? ஊரெல்லாம் விஷத்தைத் தெளித்துக்கொண்டே இருந்திருப்போம்.

ஐயம் தீர ஒரு வழி

படம் பார்த்தும் ஐயம் தீரவில்லையா? ஒரு கண்ணாடிப் புட்டியை எடுங்கள். மாவுப்பூச்சி உள்ள சிறு கிளையோடு அந்தப் புழுவை உள்ளே விடுங்கள். வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்கள். மாவுப்பூச்சி குறைந்தால் புதிய கிளை வையுங்கள். தினமும் பார்த்து எழுதுங்கள்.

மாவுப்பூச்சிகள் குறைந்துகொண்டே வருகின்றனவா? அவன் நண்பன். இரண்டு மூன்று வாரத்தில் கருநிற உடலும் ஆரஞ்சு நிறத் தலையும் கொண்ட சிறிய வண்டு வெளியே வந்தால் அது கிரிப்டோலேமஸ்தான். அதைத் தோட்டத்திலேயே விட்டுவிடுங்கள்.

அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் படத்தையும் புட்டியையும் கொண்டு போகலாம். உழவர் அழைப்பு மையத்துக்கு 1800-180-1551 என்ற எண்ணில் பேசலாம். கட்டணம் இல்லை.

நண்பன் இருந்தால் என்ன செய்வது?

பூச்சி மருந்து அடித்தால் மாவுப்பூச்சி முழுதும் சாகாது. மெழுகு அதைக் காக்கும். பட்டை இடுக்கிலும் அது பதுங்கியிருக்கும். வெளியே நடமாடும் நண்பர்கள்தான் பெரிதும் சாவார்கள். பிறகு மாவுப்பூச்சி தடையில்லாமல் பெருகும். காசும் போகும், விளைச்சலும் போகும்.

ஆகவே மருந்தை நிறுத்திப் பாருங்கள். மரத்தடியில் உள்ள எறும்புப் புற்றைக் கலையுங்கள். தரையைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். எறும்பு ஏறாவிட்டால் நண்பர்களின் வேலை எளிதாகும். பூச்சி மிக அதிகமாக உள்ள கிளையை வெட்டி அழிக்கலாம். அதற்கு முன் அதில் நடக்கும் பஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்து வேறு கிளையில் விடுங்கள்.

அப்படியும் பூச்சி அடங்காவிட்டால் வேளாண் அலுவலரைக் கேட்டு, அவர் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில், தாக்கப்பட்ட மரத்துக்கு மட்டும் அடியுங்கள்.

கூடிப் பேசுங்கள்

1. மாவுப்பூச்சிக்கும் பொறிவண்டுப் புழுவுக்கும் என்னென்ன வேறுபாடு?

2. எறும்பு ஏன் மாவுப்பூச்சியைக் காக்கிறது?

3. உங்கள் ஊரில் எந்தெந்தச் செடியில் மாவுப்பூச்சி இருக்கிறது? அதன் நடுவே நடக்கும் பஞ்சு உண்டா? பார்த்து எழுதி வாருங்கள்.