சர்வகலாசாலை ரேடியோவும் சுற்றுக் கிராமங்களும்

சர்வகலாசாலைகளில் நடைபெறும் ஆராய்ச்சிகளின் பலன் குடியானவர்களின் வயலை வந்தடைவதற்கு அநேக நாட்கள் செல்லுகின்றன என்பது நெடுநாளைய குறையாகும். இக்குறையைத் தீர்க்கும் சாதனங்களுள், சர்வகலாசாலை தானே நடத்தும் சிறிய ரேடியோ நிலையமும் ஒன்று. சேலம், நாமக்கல் சமவெளியிலுள்ள விவசாயிகள் இதன் தன்மையையும் பயனையும் அறிந்திருத்தல் நலம்.

ஆகாயத்தில் செல்லும் ஒலி அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பின்னர்க் கல்வி ஸ்தாபனங்கள் சமுதாய வானொலி நடத்துவதற்கு அரசாங்கத்தார் அனுமதி அளித்தனர். அதன்படி, சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1-ஆம் தேதி 90.4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தன் நிலையத்தைத் தொடங்கிற்று. இவ்வகையில் இந்தியாவில் முதலாவது இதுவே. 2006-ஆம் ஆண்டில் விதிகள் தளர்த்தப்பட்டு, விவசாயப் பல்கலைக்கழகங்களும், வேளாண் அறிவியல் நிலையங்களும், தொண்டு ஸ்தாபனங்களும் விண்ணப்பம் செய்யலாம் என ஏற்பட்டது.

பெரிய ரேடியோ நிலையம் ஒன்றிருக்கச் சிறியது எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். பெரிய நிலையத்தின் சேவை அற்பமானதன்று. 1960-க்குப் பின் திருச்சி வானொலியார் ஏ.டி.டி. 27 என்னும் நெல்லைப்பற்றி இடைவிடாது எடுத்துரைத்ததால், தஞ்சை ஜில்லாவினர் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டழைத்தனர். ஆனால் பல ஜில்லாக்களுக்குப் பொதுவாகப் பேசும் நிலையம், ஒரு பிர்க்காவில் இந்த வாரம் செய்ய வேண்டியதை மட்டும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்க இயலாது. சமுதாய வானொலியோ, சாதாரணமாக 100 வாட் சக்திக்கு மேற்படாமல், சுமார் 10 முதல் 15 கிலோமீட்டர் தூரம் வரையில் கேட்கத்தக்கது. குறுகிய இவ்வெல்லையே அதன் நன்மையாகும்.

இதற்குக் குச்சிக்கிழங்கு என நம்மவர் வழங்கும் மரவள்ளியை உதாரணமாகக் கொள்வோம். 2020-ஆம் ஆண்டில் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, விரைவில் சேலம், நாமக்கல் பகுதிகளிலும் பரவிற்று. இது கொழுந்தின் சாற்றை உறிஞ்சுவதால் நுனி சுருங்கிக் குட்டையாகிறது; கிழங்கும் பெருப்பதில்லை. இதன் இயற்கைப் பகை, அனாகைரஸ் லோபெசி என்னும் மிகச் சிறிய குளவி. இது மாவுப்பூச்சியின் உடலுள் முட்டையிட, வெளிவரும் புழு அப்பூச்சியைத் தின்று அழிக்கின்றது. ஆப்பிரிக்காவிலுள்ள பெனின் தேசத்திலிருந்து வரவழைக்கப்பட்ட இக்குளவி, 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளவி விடப்பட்ட பகுதியில் ஒருவர் கடும் பூச்சிமருந்தைத் தெளித்தால், அவருடைய வயலில் மட்டுமன்றி, அண்டை வயல்களிலிருந்து அங்கு வரும் குளவிகளும் மடியும். ஆதலின், ஒருவர் கேட்டு மற்றவர் கேளாதிருப்பின் பயனில்லை. அவ்வட்டாரத்தார் அனைவரும் ஒரே செய்தியை ஒரே சமயத்தில் அறிதல் அவசியம். துண்டுப் பிரசுரம் படிக்கத் தெரிந்தவருக்கே உதவும். அருகிலுள்ள ரேடியோவின் சொல்லோ, களையெடுக்கும் பெண்டிர் முதல் வண்டியோட்டி வரையில் யாவருக்கும் எட்டும்.

எனினும், ஆசிரியர்கள் எழுதிய பிரசங்கங்களை வாசிப்பதற்கு மட்டும் ஒரு நிலையம் இருக்குமாயின், அதனைக் கேட்போர் சிலரே. நிகழ்ச்சிகளில் பாதிக்குக் குறையாத பங்கு அவ்வூராரின் பங்கேற்புடன் அமைய வேண்டும் என்று விதி இருப்பதன் கருத்து இதுவே. ஏத்தாப்பூர் வட்டாரத்துக் குடியானவர் ஒருவர், தாம் மருந்து தெளிக்காது பொறுத்திருந்து கண்ட பலனைத் தம் வாய்மொழியிலேயே சொல்லுவாரானால், அயலார் அதனை எளிதில் நம்புவர். பலன் கிட்டாதவரும் அவ்வண்ணமே பேச இடமளித்தல் வேண்டும்; அப்போதுதான் ஆராய்ச்சியாளரும் கற்றுக்கொள்வர்.

விவசாயிகள் செய்யத்தக்கவை சில உண்டு. தம் பகுதியில் இத்தகைய நிலையம் இருப்பின், காலையிலோ இரவிலோ தமக்கு வசதியான நேரத்தைத் தெரிவித்து நிகழ்ச்சியை அமைக்கச் சொல்லலாம். நோய் கண்ட இலையைக் கொண்டுசென்று வினவலாம். நிலையம் இல்லாவிடத்துக் கிராமத்தார் ஒன்றுகூடி, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் தம் விருப்பத்தைக் கூறலாம். கேட்பவர் பேசவும் முன்வந்தாலன்றி, ரேடியோ எவ்வளவு அருகில் இருப்பினும் தூரத்துக் குரலாகவே இருந்துவிடும்.