உங்களுக்குத் தெரியுமா? – உங்கள் அழைப்பு போகும் வழி

★ திருகோணமலையின் நிலையான தொலைபேசி இலக்கத்தில் 026 ஊரைச் சொல்லும். அடுத்து வரும் ஒற்றை இலக்கம் கொம்பனியைச் சொல்லும்: 2 என்றால் ஸ்ரீலங்கா டெலிகொம், 5 என்றால் லங்கா பெல், 7 என்றால் டயலொக். கடைசி ஆறு இலக்கங்கள்தான் உங்கள் வீட்டுக்கோ கடைக்கோ உரியவை. உவர்மலையில் இருக்கும் சித்திக்கு யாழ்ப்பாணத்திலிருந்து அழைப்பு எடுக்கிறீர்கள் என்றால், நாலாவது இலக்கத்திலேயே எந்தப் பகுதி, எந்தக் கொம்பனி என்பது முடிவாகிவிடுகிறது.

★ கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ 1990ஐ அழைத்தால் மணி அடிப்பது நம் மாவட்டத்தில் அல்ல, கொழும்புக்குப் பக்கத்து ராஜகிரியவில். சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்கு நாடு முழுவதற்கும் ஒரே கட்டளை மையம்தான். 2016 ஜூலையில் இந்திய அரசின் நன்கொடையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கிய சேவை, பிறகு ஏனைய மாகாணங்களுக்கும் வந்தது. அழைப்புக்குப் பதில் சொல்பவர் விவரத்தைப் பதிந்து, அருகில் நிற்கும் வண்டியை அனுப்புவார். வண்டிகள் பெரும்பாலும் பொலிஸ் நிலையங்களில் நிற்பவை. ராஜகிரியவில் இருப்பவருக்கு நம் சந்திகளும் ஒழுங்கைகளும் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. ஆகவே முதலில் ஊர், பிறகு பிரதான வீதி, பிறகுதான் 'அந்த ஆலமரத்தடி'. பேசி முடித்த பிறகு அதே போனில் வேறு எவருக்கும் அழைப்பு எடுக்காதீர்கள். வண்டியில் வருபவர்கள் வழி கேட்டு அந்த இலக்கத்துக்குத்தான் எடுப்பார்கள்.

★ கச்சேரிக்கு பஸ் ஏறும் முன் 1919ஐ ஒருமுறை அழைத்துப் பார்க்கலாம். அரசாங்கத் தகவல் நிலையம் 2006 முதல் மூன்று மொழியிலும் பதில் சொல்கிறது.

★ துறைமுகத்துக்குள் வரும் கப்பலுக்கு 'ஒன்றை அழுத்தவும்' என்ற குரல் கிடையாது. வீ.எச்.எஃப். வானொலியின் 16ஆம் அலைவரிசைதான், அதாவது 156.8 மெகாஹேர்ட்ஸ், உலகம் முழுவதும் கப்பல்கள் கூப்பிடுவதற்கும் ஆபத்தைச் சொல்வதற்கும் உரியது. கப்பல் அங்கே கூப்பிடும். கட்டுப்பாட்டு அறை பதில் சொல்லி வேறோர் அலைவரிசைக்குப் போகச் சொல்லும். பேச வேண்டியதை அங்கே போய்ப் பேசவேண்டும். 16ஐ அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

70ஆம் அலைவரிசையில் மனிதக் குரலுக்கே இடமில்லை. ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் கலத்தின் ஒன்பது இலக்க அடையாள எண்ணும், ஜி.பி.எஸ். இணைத்திருந்தால் அது நிற்கும் இடமும் தாமாகவே போய்ச் சேரும். அந்த எண் 417 என்று தொடங்கினால் இலங்கைக் கலம், 419 என்றால் இந்தியக் கலம்.

★ 2024 ஜூனில் இந்தியாவின் 60 லட்சம் டொலர் உதவியில் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் ஆரம்பித்து வைக்கப்பட்டது. மையம் கொழும்பில், கடற்படைத் தலைமையகத்தில். துணை மையம் அம்பாந்தோட்டையில். காலி, அறுகம்பை, மட்டக்களப்பு, திருகோணமலை, கல்லராவ, பருத்தித்துறை, முள்ளிக்குளம் ஆகிய ஏழு இடங்களில் இருப்பவை ஆளில்லா நிலையங்கள். 1990ஐப் போலவே இங்கும் பதில் சொல்லும் ஆள் நம் ஊரில் இல்லை: நம் கரையில் இருப்பது கருவி மட்டும்.

★ மனிதக் கை படாமல் அழைப்பை இணைத்து, நடைமுறையில் நிலைபெற்ற முதல் எக்ஸ்சேஞ்ச் சுவிட்சைத் தந்தவர் பொறியியலாளர் அல்ல. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஈமச் சடங்குத் தொழில் செய்த அல்மன் ஸ்ட்ரோஜர். எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண் தனக்கு வரும் சாவு வீட்டு அழைப்புகளைப் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகப்பட்டார் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. கதை எப்படியோ, 1891இல் காப்புரிமை கிடைத்தது. மறு வருடமே இந்தியானா மாநிலத்து லா போர்ட்டில் எக்ஸ்சேஞ்ச் ஓடத் தொடங்கியது.

★ பொத்தான் போன் 1963இல் அமெரிக்காவில் வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டு ஓசைகள் ஒன்றாக ஒலிக்கும். 1க்கு 697, 1209 ஹேர்ட்ஸ். 2க்கு 697, 1336 ஹேர்ட்ஸ். சிங்களத்துக்கு 1, தமிழுக்கு 2, ஆங்கிலத்துக்கு 3 என்பது இங்கே பழகிப்போன மெனு. இயந்திரத்தின் காதில் 1க்கும் 2க்கும் உள்ள வித்தியாசம் 127 ஹேர்ட்ஸ் மட்டும்தான்.

★ வரும் அழைப்புகளை வரிசையில் நிறுத்தி, யார் கை ஓய்ந்திருக்கிறதோ அவருக்குத் தானாகப் பிரித்துக் கொடுக்கும் பெரிய இயந்திரம் 1973இல் கொன்டினென்டல் எயார்லைன்ஸ் விமானக் கொம்பனிக்காக வந்தது. செய்தது ரொக்வெல், பெயர் 'கலக்ஸி'. இன்றைய முறைமைகள் ஒரு படி மேலே போய், ஓய்வாக இருப்பவர்களுக்குள் தமிழ் தெரிந்தவர் யார், பில் விஷயம் தெரிந்தவர் யார் என்றும் பார்த்துத்தான் தள்ளுகின்றன.

★ மறுமுனையில் ஹெட்செட் போட்டிருக்கும் பிள்ளையின் நாள் முழுவதும் விநாடிக் கணக்கில் பதிவாகிறது. 'தயார்', 'பேச்சில்', 'ஹோல்டில்', 'பேசிய பின் வேலை', 'இடைவேளை' என்று எப்போதும் ஏதாவது ஒரு நிலையில் அவர் இருந்தாக வேண்டும். தேநீருக்கு எழுந்தாலும் ஒரு பொத்தான், கழிப்பறைக்குப் போனாலும் ஒரு பொத்தான். பேச்சு, ஹோல்ட், பின்வேலை மூன்றும் சேர்ந்ததுதான் ஓர் அழைப்புக்கான நேரம். அதன் சராசரி கூடினால் சுப்பர்வைசர் கேட்பார். உங்களை அவசரமாக அனுப்பிவைக்கும் குரலுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இந்தச் சராசரி, கெட்ட குணம் அல்ல.

பல முறைமைகளில் நீங்கள் ஹோல்டில் இருக்கும்போதும் உங்கள் பக்கத்து ஒலிப்பதிவு நிற்பதில்லை. பாட்டு ஓடுகிறதே என்று வீட்டுச் சண்டையைத் தொடர வேண்டாம்.

★ எத்தனை அழைப்புக்கு எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கை 1917இல் தீர்த்து வைத்தவர் கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கொம்பனியில் வேலை செய்த அக்னர் எர்லாங். தொலைபேசிப் போக்குவரத்தின் அலகுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அவர் சூத்திரத்தில் ஓர் உதாரணத்தைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 அழைப்புகள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். மொத்தம் 300 நிமிட வேலை. ஐந்து பேர் போதும் என்று தோன்றும். ஐந்து பேரை வைத்தால் வரிசை முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும், ஏனென்றால் அழைப்புகள் ஒழுங்காக நிமிடத்துக்கு ஒன்றாக வருவதில்லை. ஆறு பேர் என்றால் சராசரிக் காத்திருப்பு ஏறக்குறைய மூன்று நிமிடம். ஏழு பேர் என்றால் 49 விநாடி. எட்டுப் பேர் என்றால் 17 விநாடி. ஒரே ஓர் ஆளைக் கூட்டினால் என்ன நடக்கிறது என்று பார்த்தீர்களா?

இதைவிட நம்மைத் தொடும் கணக்கு இன்னொன்று. ஒரு வரிசையில் 20 பேர், இன்னொரு வரிசையில் 2 பேர். அழைப்பு இங்கும் ஐந்து நிமிடம், தலைக்கு வேலை இரண்டிலும் சமம், 80 சதவீதம் நேரம் பேச்சு என்று வைத்துக்கொள்வோம். பெரிய வரிசையில் சராசரிக் காத்திருப்பு சுமார் 19 விநாடி. சின்ன வரிசையில் ஏறக்குறைய 9 நிமிடம்! பாரபட்சம் எதுவும் இல்லாமலே, ஆள்விகிதம் சரியாகவே இருந்தும், சின்ன வரிசை இப்படி இழுபடும். அழைப்பு எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஆளைப் பிரித்துக் கொடுக்கும் நிர்வாகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்; சின்ன வரிசையாக இருக்கும் தமிழ் வரிசைக்கு விகிதத்துக்கு மேல் ஆள் தேவை.

★ 2ஐ அழுத்தி, பொறுமை இழந்து வைத்துவிட்டு, அடுத்த முறை 1ஐயோ 3ஐயோ அழுத்துபவர்கள் நம்மில் ஏராளம். அந்த இரண்டாவது அழைப்பு ரிப்போர்ட்டில் சிங்கள, ஆங்கிலக் கணக்கில் ஏறுகிறது. முதலாவது 'கைவிட்ட அழைப்பு'. அதிலும் சில விநாடிக்குள் வைத்துவிட்டால், தவறி எடுத்தது என்று பல முறைமைகள் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மாதக் கடைசியில் தமிழுக்கு அழைப்பு குறைவு என்று ரிப்போர்ட் சொல்லும், ஆளும் குறையும். எனவே 2ஐ அழுத்துங்கள், வைத்தே ஆகவேண்டும் என்றாலும் அரை நிமிடமாவது வரிசையில் நின்றுவிட்டு வையுங்கள். பொலிஸ் அவசர இலக்கமான 119க்கும் 1990க்கும் மட்டும் இது பொருந்தாது. அங்கே எந்த மொழியில் ஆள் கிடைத்தாலும் உடனே பேசுங்கள்.